முதலில் நடை, அப்புறம் ஸ்விங்: கணுக்கால் உடைந்தவர் கோல்ஃபுக்குத் திரும்பும் வழி

கணுக்காலில் பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தபோது டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி, “எப்ப சார் ஸ்விங் பண்ணலாம்?” அவர் கோல்ஃப் ஆடுகிறவர் இல்லை. “முதல்ல பாத்ரூம் வரைக்கும் நடங்க, அப்புறம் பார்க்கலாம்” என்றார். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்த ஒரு வாக்கியத்திலேயே முழு வைத்தியமும் இருந்திருக்கிறது.

கோல்ஃப் என்றதும் நம் கண்முன் வருவது ஸ்விங்தான், அதாவது கிளப் என்னும் மட்டையை வீசிப் பந்தை அடிப்பது. ஒரு ஸ்விங் முடிய இரண்டு வினாடிகூட ஆகாது. குழிக்குப் பக்கத்தில் பந்தைத் தரையோடு உருட்டும் புட்டிங்கை விட்டுவிட்டால் ஒரு ரவுண்டில் அப்படி ஐம்பது, அறுபது அடி இருக்கும். ஆனால் 18 ஹோல், அதாவது குழி, முடிக்க எட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். நாலைந்து மணி நேரம் புல்லிலும் சரிவிலும் மணலிலும் நடை. கணுக்காலுக்கு உண்மையான வேலை அங்கேதான்.

கோல்ஃப் நட்சத்திரம் டைகர் உட்ஸ் கதை தெரிந்திருக்கும். 2021 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே நடந்த கார் விபத்தில் அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் நொறுங்கின. எலும்புக்குள் கம்பி, பாதத்திலும் கணுக்காலிலும் ஸ்க்ரூ, பின் என்று வைத்துச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் அகஸ்டாவில் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியில் ஆடி, நான்கு நாளும் தாக்குப்பிடித்து 47-வது இடத்தில் முடித்தார். போட்டிக்கு முன் பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்னதன் சாரம்: பந்தை அடிப்பதில் பிரச்சினை இல்லை, நடப்பதுதான் கஷ்டம். அகஸ்டா டிவியில் தெரிவதைவிட மேடு பள்ளம் அதிகம் உள்ள மைதானம். அடுத்த வருடம் அதே மாஸ்டர்ஸில் மூன்றாவது சுற்றின் நடுவே விலகினார். அந்த மாதமே கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டை அசையாதபடி இணைக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. பழைய முறிவால் வந்த மூட்டுத் தேய்மானம்தான் காரணம்.

அதனால் இந்தக் கட்டுரையும் நடையில் ஆரம்பித்துத்தான் கிளப்புக்கு வரும். மிகத் தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரைப் பற்றி மட்டும் படிக்க வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

என்ன அடிபட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

“கணுக்கால்ல அடி” என்று பொதுவாகச் சொல்கிறோம். தசைநார் கிழிவது, எலும்பு உடைவது, மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு சேதமாவது, குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் அக்கிலிஸ் அறுந்துபோவது எல்லாம் வேறு வேறு. ஆறும் காலமும் வேறு.

கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராய் 2015 ஜூலையில் நண்பர்களோடு கால்பந்து ஆடும்போது இடது கணுக்காலில் தசைநார் கிழிந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியில் அவர் ஆடவில்லை. ஆனால் ஆகஸ்ட் மத்தியில் பிஜிஏ சாம்பியன்ஷிப்புக்கு வந்துவிட்டார். ஆறு வாரம் போல. அந்தக் கணக்கை எலும்பு உடைந்தவர் தன் காலுக்குப் போட்டுப் பார்க்கக் கூடாது.

எலும்பு உடைந்த கணக்குக்குப் பழைய கோல்ஃப் வீரர் பென் ஹோகனைப் பாருங்கள். 1949 பிப்ரவரியில் டெக்சாஸில் அவர் காரில் பேருந்து மோதி இடுப்பெலும்பு, காறை எலும்பு, இடது கணுக்கால் எல்லாம் உடைந்தன. 1950 ஜூனில் மெரியன் மைதானத்தில் யு.எஸ். ஓப்பனை வென்றார். அந்தக் காலத்தில் கடைசி நாளில் 36 ஹோல். கால்களில் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு அத்தனையும் நடந்தார். ஸ்கோர் சமனாகிவிட்டதால் மறுநாள் இன்னொரு 18. நம்மைப் பார்க்க வரும் கோல்ஃப் நண்பர்கள் ஆப்பிளோடு இந்தக் கதையையும் கொண்டுவருவார்கள். அந்த வெற்றிக்கு 16 மாதம் ஆனது, விபத்துக்குப் பிறகு முதல் போட்டிக்கே 11 மாதம் ஆனது என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எந்த எலும்பு, எத்தனை இடத்தில்? முறிவு மூட்டின் உள்பரப்பு வரை போயிருக்கிறதா? முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்களா, அதை எடுப்பார்களா? காலில் பாரம் வைப்பது எப்போது? பிளேட் வைத்த சாதாரண முறிவில் எலும்பு ஒன்றுசேர ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். பாரம் வைக்கும் அனுமதி சிலருக்கு இரண்டே வாரத்தில் கிடைக்கும், சிலருக்கு ஆறு வாரம் தாண்டும். வீக்கம் மாதக்கணக்கில் வந்து வந்து போகும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இன்னொன்று. வீட்டுப் பெரியவர்கள் யாராவது புத்தூர் கட்டு பற்றிப் பேசுவார்கள், இல்லாவிட்டால் எண்ணெய் போட்டு நீவ ஆள் கூட்டி வருவார்கள். என் சித்தி கூட்டியே வந்துவிட்டார். காபி கொடுத்து அனுப்பினோம். பிளேட் வைத்த காலை யாரும் இழுத்து நீவ விடாதீர்கள்.

வீட்டிலேயே மூன்று பரீட்சை

மூட்டை அசைக்க அனுமதி கிடைத்ததும் ஃபிசியோ முதலில் கொடுக்கும் பயிற்சி, கட்டைவிரலால் காற்றில் எழுத்து எழுதுவது. அவர் ஏபிசிடி என்பார். நீங்கள் அ, ஆ எழுதுங்கள். நம் எழுத்தில் சுழி அதிகம் என்பதால் கணுக்கால் எல்லாப் பக்கமும் திரும்பிவிடும். எனக்கு இ வர மூன்று வாரம் ஆனது. ஞ இன்றைக்கும் கொஞ்சம் கோணல்தான்.

பாரம் வைத்து இயல்பாக நடக்கத் தொடங்கிய பிறகு, ஃபிசியோ சரி என்றால், உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

சுவர்ப் பரீட்சைதான் முக்கியம். வெறுங்காலில் சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி மறுபடி முயலுங்கள். தொட முடிகிற கடைசித் தூரத்தில் கட்டைவிரல் நுனிக்கும் சுவருக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளக்கவும். இரண்டு காலுக்கும் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். சரிவில் இறங்கும்போது கணுக்காலுக்குத் தேவைப்படுவது இந்த மடிப்புதான். குதிகால் தரையில் பதிந்தபடி குத்துக்கால் போட்டு உட்கார வருகிறதா என்பதும் கிட்டத்தட்ட இதே பரீட்சை.

அடுத்தது ஒற்றைக்காலில் நிற்பது. பல் விளக்கும்போது, வாஷ் பேசின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, முப்பது வினாடி. அது சுலபமானதும் கண்ணை மூடிக்கொண்டு பத்து வினாடி.

கடைசியாக, ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்தி இறக்குவது. நல்ல காலில் இருபது தடவை வந்தால் அடிபட்ட காலில் குறைந்தது பதினைந்து வர வேண்டும் என்பது நான் எனக்கு வைத்துக்கொண்ட கணக்கு. உங்கள் ஃபிசியோ வேறு எண் சொன்னால் அவர் சொல்வதே சரி.

நடையைக் கட்டுங்கள்

சமமான தரையில் பதினைந்து நிமிடம் ஆரம்பியுங்கள். பிறகு அரை மணி. பிறகு முக்கால் மணி. ஐந்து கிலோமீட்டரை நொண்டாமல் நடந்து, மறுநாள் காலையும் கால் சாதாரணமாக இருந்தால் பார்க் புல்தரைக்குப் போகலாம். அது பழகியதும் மேம்பாலச் சரிவு. கடற்கரை மணல் கடைசி. பெசன்ட் நகரில் தளர்ந்த மணலில் நடந்து பாருங்கள், கோல்ஃப் மைதானத்து மணல் குழியான பங்கருக்குள் கால் வைப்பது எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும். ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்பதும் அப்போது தெரியும். படியிலும் அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு, மறுநாள் காலை. அன்றைக்குச் செய்தது அதிகமா, சரியா என்று அன்றைக்கே தெரியாது. பத்துக்கு இரண்டு மூன்று என்ற அளவில் வலி வந்து, ராத்திரி அடங்கிவிட்டால் பரவாயில்லை. காலையில் எழுந்து முதல் பத்து அடி வைக்கும்போது வலி கூடியிருந்தாலோ, கணுக்கால் எலும்பு தெரியாத அளவு வீங்கியிருந்தாலோ, நேற்றுச் செய்தது அதிகம். ஒரு படி பின்னால் போய் நாலு நாள் இருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பதும் ஆடுவதும் கூடாது. இந்தத் தீர்ப்பு சொல்ல வேண்டிய வாயை மாத்திரை அடைத்துவிடும்.

எந்தக் கால் என்பதைப் பொறுத்து ஸ்விங் மாறும்

வலது கை ஆட்டக்காரருக்கு இடது கால் முன்கால், வலது கால் பின்கால். இடது கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பந்தை அடித்து முடிக்கும்போது உடம்பின் எடை ஏறக்குறைய முழுவதும் முன்காலுக்கு வந்துவிடும். இடுப்பு இலக்கைப் பார்த்துத் திரும்பும், ஆனால் ஷூ தரையில் பிடித்துக்கொண்டிருக்கும். பாதம் வெளி ஓரத்தில் உருளும். கணுக்கால் சுளுக்கிக்கொள்ளும்போது நடப்பதும் இதே உருளல்தான். முன்காலில் அடிபட்டவர்கள் (நான் அந்தக் கட்சி) கவனிக்க வேண்டிய இடம் இது.

இதற்கு எனக்குக் கைகொடுத்தவை இரண்டு. ஒன்று, நிற்கும்போதே முன்பாதத்தின் விரல்களை இலக்குப் பக்கம் முப்பது டிகிரி போலத் திருப்பி வைப்பது. இடுப்பு திரும்பும்போது பாதமும் ஏற்கனவே பாதி திரும்பியிருப்பதால் முறுக்கு குறைகிறது. இன்னொன்று, அடித்து முடித்ததும் போட்டோவுக்கு நிற்பதுபோல அப்படியே உறைந்து நிற்காமல், பின்காலை எடுத்து முன்னால் ஒரு அடி வைத்துவிடுவது. பழைய சாம்பியன் கேரி பிளேயர் அப்படித்தான், பந்துக்குப் பின்னாலேயே நடந்து போய்விடுவதுபோல முடிப்பார். முதலில் வெட்கமாக இருக்கும். ரெண்டு வாரத்தில் பழகிவிடும்.

பின்காலில் அடிபட்டவருக்கு வேறு பிரச்சினை. கிளப்பைப் பின்னால் கொண்டுபோகும்போது எடை அதன் மேல் ஏறும். முடிவில் குதிகால் எழும்பி விரல் நுனியில் நிற்க வேண்டும். கெண்டைக்காலில் பலமும் கட்டைவிரலில் மடிப்பும் இல்லாமல் இது வராது. கால்களைக் கொஞ்சம் நெருக்கி வைத்து, ஆரம்பத்திலேயே பாதிக்கு மேல் எடையை முன்காலில் போட்டு, முக்கால் ஸ்விங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூரம் குறையும். இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான், ஒரு நம்பர் நீளமான கிளப் எடுப்பது. எட்டாம் நம்பர் இரும்பு கிளப்பான எயிட் அயர்ன் எடுத்த இடத்தில் அதைவிட நீளமான செவன் எடுத்து நிதானமாக வீசுங்கள்.

கிளப்பைத் தொடும் வரிசை

புட்டிங் முதலில். எடை மாறவே மாறாது என்பதால், காலில் பாரம் வைத்து நிற்க அனுமதி கிடைத்ததும் தொடங்கலாம். பந்தை ஹோலிலிருந்து எடுக்க மட்டும் வேறு யாரையாவது விடுங்கள். பிறகு குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீன் ஓரத்தில், பந்தைச் சிறிது தூரம் தூக்கிப் போடும் சிப்பிங். பிறகு குறைந்த தூரத்துக்கான கிளப்பான வெட்ஜில் இடுப்பு உயரம் வரை ஸ்விங். அது இரண்டு வாரம் சிக்கலில்லாமல் போனால் நைன் அயர்ன், செவன் அயர்ன் முக்கால் ஸ்விங். டிரைவர் கடைசி.

இதில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நாலாவது மாதம், பந்தடித்துப் பழகும் இடமான டிரைவிங் ரேஞ்சுக்குப் போனேன். வெட்ஜில் இருபது அடித்தேன், ஒன்றுமில்லை. ஆசை விடவில்லை. டிரைவரை எடுத்து இன்னும் நாற்பது. வீட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் உயிர் போயிற்று. இரண்டு வாரம் பழையபடி ஊன்றுகோல்.

என் ஃபிசியோ விளக்கினார். ரேஞ்சில் நாம் நிற்பது செயற்கைப் புல் விரிப்பு. நிஜப் புல்லில் ஷூ கொஞ்சம் வழுக்கித் திரும்பும், மண் விட்டுக்கொடுக்கும். விரிப்பு விட்டுக்கொடுக்காது, முறுக்கு முழுவதும் கணுக்காலுக்குப் போகும். அதோடு, மைதானத்தில் இரண்டு அடிக்கு நடுவே ஐந்து பத்து நிமிடம் இடைவெளி கிடைக்கும். ரேஞ்சில் அது கிடையாது. அதனால் ரேஞ்சில் முதல் மாதம் முப்பது பந்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடிந்தால் விரிப்பை விட்டுப் புல்லில் அடிக்க அனுமதி கேளுங்கள். ஆணி இல்லாத, வழவழப்பான அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள்.

மைதானத்தில்

முதல் நாலைந்து தடவை ஒன்பது ஹோல்தான், கார்ட் என்னும் சிறு வண்டியில்தான். பெரிய தொழில்முறைப் போட்டிகளில் கார்ட் கூடாது என்பதால் பலருக்கு அதில் ஏறக் கூச்சம். 2021 டிசம்பரில் மகன் சார்லியோடு ஆடித் திரும்பிவந்த டைகரே கார்ட்டில்தான் போனார், அந்தப் போட்டியில் அதற்கு அனுமதி உண்டு. கார்ட்டிலிருந்து இறங்கும்போது நல்ல கால் முதலில் தரையில் படட்டும். பிறகு ஒன்பதில் மூன்று ஹோல் நடை, அப்புறம் ஆறு, அப்புறம் ஒன்பதும். 18 நடப்பதை அதற்கும் பல வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். பையை நீங்கள் தூக்கவே வேண்டாம். பை தூக்கும் கேடி இருந்தால் அவரிடம் முதல் டீயிலேயே, அதாவது முதல் பந்தை அடிக்கும் இடத்திலேயே, சொல்லிவிடுங்கள். என்னோடு வருகிறவர் சரிவு வந்தால் தானாகவே பக்கத்தில் வந்து, “சார், தோளைப் புடிச்சுக்குங்க” என்பார். பங்கரைச் சமன்செய்வதும் அவரே.

குழிக்குக் கிட்டே இருக்கும் முன் டீயிலிருந்து ஆடுங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

பந்து கிடக்கும் சரிவைப் பார்த்து முடிவெடுக்கப் பழக வேண்டும். வலது கைக்காரருக்கு இலக்கை நோக்கி இறங்கும் சரிவில் இடது பாதத்தின் வெளி ஓரம் முதலிலேயே கீழே சாய்ந்திருக்கும். அதன் மேல் ஸ்விங்கின் உருளலும் சேர்ந்தால் முன்கால் அடிபட்டவருக்கு ஆபத்து. ஏறு சரிவில் அதே சாய்வு பின்காலுக்கு வரும். உங்கள் காலுக்கு எது ஆகாதோ அங்கே முழு ஸ்விங் வேண்டாம், வெட்ஜில் பக்கவாட்டில் தட்டிவிடுங்கள்.

அதுவும் முடியாது என்றால் விதிப்புத்தகமே வழி வைத்திருக்கிறது. தண்ணீர் போன்ற பெனால்டி ஏரியாவைத் தவிர எங்கே கிடந்தாலும், பந்தை ஆட முடியாதது என்று நீங்களே அறிவிக்கலாம், யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஸ்ட்ரோக் (அடி) அபராதத்தோடு, ஹோலுக்கு அருகே போகாமல், இரண்டு கிளப் நீளத்துக்குள் பந்தைக் கையால் கீழே விட்டு ஆடலாம், அதாவது டிராப் செய்யலாம். பங்கரில் என்றால், 2019-இல் வந்த விதிப்படி இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் ஏற்று, ஹோலையும் பந்தையும் சேர்க்கும் நேர்க்கோட்டில் பின்னால் போய், பங்கருக்கு வெளியே டிராப். ஆழமான பங்கரில் செங்குத்தாக இறங்கி மறுபடி ஏறுவதற்கு இரண்டு ஸ்ட்ரோக் மலிவு. நண்பர்களோடு சும்மா ஆடும்போது அபராதமும் வேண்டாம், பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். வெயிலில் கால் சீக்கிரம் வீங்கும் என்று ஆறு மணிக்கே போனால், மார்கழி, தை மாதங்களில் பனி ஈரத்தில் புல் வழுக்கும். அந்த மாதங்களில் நான் ஏழரைக்கு மேல்தான் ஆரம்பிக்கிறேன். ஈரத்தில் மட்டும் ஸ்பைக் உள்ள ஷூ.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் சரியான அளவு. கணுக்காலுக்கு பிரேஸ் போடுவதானால் அதை மாட்டிக்கொண்டே போட்டுப் பாருங்கள், அரை சைஸ் கூட வேண்டியிருக்கும். லேஸ் கட்டும் பிரேஸ், வெறும் எலாஸ்டிக் உறையைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் பிரேஸ் இருக்கிறது என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் அரட்டைக்கு உட்காரும்போதே எதிர் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கால் மணி நேரம்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவை

கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் வலித்தால் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் நேராக அவசரப் பிரிவு. தையல் போட்ட இடத்தில் கசிவு, காய்ச்சல், மூட்டு நடுவில் சிக்கிக்கொள்வது, நடக்கும்போது கால் திடீரென்று விட்டுக்கொடுப்பது இவையும் காத்திருக்கக் கூடாதவை. 2018 மாஸ்டர்ஸுக்கு முந்தின நாள் பார்-3 என்ற சிறு போட்டியில் ஒரே அடியில் பந்தைக் குழியில் போட்ட (ஹோல்-இன்-ஒன்) குஷியில் ஓடிய கோல்ஃப் வீரர் டோனி ஃபினாவுக்குக் கணுக்கால் பிசகியது. கையாலேயே தள்ளிப் பொருத்திக்கொண்டார். போட்டியையும் ஆடிப் பத்தாவது இடத்தில் முடித்தார். அந்த வீடியோவை ரசியுங்கள், அதோடு விடுங்கள். அவரே மறுநாள் ஸ்கேன் எடுத்த பிறகுதான் ஆடினார்.

எந்த மைதானம் முதலில்

சமதளம் முதலில். சென்னையில் நந்தனம், கொழும்பில் ராயல் கொழும்பு மாதிரி. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா எல்லாம் அழகு, ஆனால் அங்கே சமமாக நிற்க இடம் கிடைப்பதே அபூர்வம். நந்தனத்தில் நான் இப்போது 18 ஹோலும் நடந்துதான் ஆடுகிறேன். வருகிற மாதம் ஊட்டி போகலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். நேற்றுச் சுவரில் அளந்து பார்த்தேன், இடது கால் இன்னும் மூன்று சென்டிமீட்டர் பின்தங்கியிருக்கிறது. கார்ட் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். இல்லையென்றால் அவர்கள் ஆடட்டும், நான் கிளப் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடிக்கிறேன்.